பச்சிளம் குழந்தைக்குக் கைலோதோராக்ஸ்: ஆக்ட்ரியோடைடு எப்போது, எப்படி, எவ்வளவு?

எஸ்என்சியு_தருமபுரி எழுதியது:

வணக்கம். பிறந்த குழந்தையின் நுரையீரலைச் சுற்றி நிணநீர் தேங்கும் கைலோதோராக்ஸுக்கு ஆக்ட்ரியோடைடு கொடுப்பதைப் பற்றி ஒரே இடத்தில் பேசி வைக்கலாம் என்று இந்த இழையைத் திறக்கிறேன். அடிக்கடி வருகிற நோய் இல்லை. அதனாலேயே வரும்போது ஆளுக்கொரு டோஸ் சொல்கிறார்கள். ஒருவர் மணிக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் நாளுக்கு இவ்வளவு என்கிறார்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் பிறந்த 3 கிலோ குழந்தை. வலப்பக்கம் நீர். ஐசிடி (நெஞ்சு நீரை வெளியேற்றும் வடிகுழாய்) போட்டாயிற்று. நாளுக்கு 150 மிலி வடிகிறது. சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பியாக வேண்டும், ஆனால் அங்கே படுக்கை கிடைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை இங்கேயே மருந்தைத் தொடங்கலாமா? தொடங்கினால் எப்படிக் கலப்பது, எதையெல்லாம் கண்காணிப்பது, எந்த நிலையில் நிறுத்துவது? டோஸ் எண்ணை மட்டும் சொல்லாமல் எங்கே தவறு நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் எல்லோருக்கும் உதவும்.

நியோ_சேலம் எழுதியது:

டாக்டர், மருந்துக்கு முன்னால் வடிவது கைல்தானா, அதாவது குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் நிணநீர்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வடிவது பால்போல் வெள்ளையாக இல்லை, ஆகவே கைல் இல்லை என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. குழந்தை இன்னும் பால் குடிக்கவில்லை என்றால் குடலிலிருந்து கொழுப்பே ஏறியிருக்காது. அப்போது வடிவது இளமஞ்சளாக, தெளிவாகத்தான் இருக்கும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் குறைவாகவே வரும். அந்த நிலையில் நம்ப வேண்டியது செல் கணக்கை: மைக்ரோலிட்டருக்கு 1000க்கு மேல் செல்கள், அதில் 80 சதவீதத்துக்கு மேல் லிம்போசைட் (நிணநீரில் இருக்கும் வெள்ளை அணு). பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் ட்ரைகிளிசரைடு 110 மிகி/டெசிலிட்டருக்கு மேல் இருக்கும்.

இதற்கு நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு. தொப்புள் சிரை வழியாகவோ கை வழியாகவோ போட்ட நீண்ட லைனின் நுனி இடம் மாறி, டிபிஎன்னும் (சிரை வழியாக ஏற்றும் ஊட்டம்) லிப்பிடும் (அதோடு ஏற்றும் கொழுப்பு) நெஞ்சுக் கூட்டுக்குள் கசிந்தால் அதுவும் பால்போலவே வெள்ளையாக வரும். ட்ரைகிளிசரைடும் உயர்ந்திருக்கும். ஆனால் லிம்போசைட் இருக்காது, குளுக்கோஸ் மட்டும் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருக்கும். வடிந்த நீரில் ஒரு சொட்டை குளுக்கோமீட்டர் பட்டையில் வைத்தாலே சந்தேகம் வந்துவிடும். மீட்டர் ‘ஹை’ என்று காட்டினால் ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். அந்தக் குழந்தைக்கு ஆக்ட்ரியோடைடு வேண்டாம். அந்த லைனில் ஏறுவதை நிறுத்தி, லைனை எடுத்துவிட வேண்டும். லைன் போட்ட குழந்தைக்குப் புதிதாக நெஞ்சில் நீர் சேர்ந்தால் என் முதல் சந்தேகம் லைன் மேல்தான்.

முதல் குழாயில் எடுத்த நீரை வீணாக்காதீர்கள். செல் கணக்கு, புரதம், ட்ரைகிளிசரைடு, குளுக்கோஸ், கல்ச்சர் எல்லாம் அந்த முதல் மாதிரியிலேயே போய்விட வேண்டும். பெரிய மையத்துக்கு அனுப்பும்போது அங்கே முதலில் கேட்பது அந்த ரிசல்ட்டைத்தான்.

ஒசூர்_பீடியா எழுதியது:

சார் சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். மருந்தைத் தொடங்கும் நேரத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நாளுக்கு 150 மிலி என்றால் கிலோவுக்கு 50 மிலி. கைலில் டெசிலிட்டருக்கு 2 முதல் 6 கிராம் வரை புரதம் போகிறது. நடுவில் 3 கிராம் என்று எடுத்தாலும் தினமும் 4.5 கிராம் புரதம் வெளியேறுகிறது. கூடவே நோயை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறையாமல் காக்கும் ஆன்டித்ராம்பின், லிம்போசைட் எல்லாம் போகின்றன. தொற்றுக்கும் ரத்தம் உறைவதற்கும் குழந்தை ஒரே நேரத்தில் ஆளாகிறது. இவ்வளவு வடிகிற குழந்தைக்கு ஒரு வாரம் உணவுமுறையை மட்டும் பார்த்துக் காத்திருப்பது சரியாகப் படவில்லை. உறுதியான முதல் நாளே ஆக்ட்ரியோடைடையும் சேர்த்துத் தொடங்கலாம் என்பது என் நிலை.

நியோ_சேலம் எழுதியது:

கிலோவுக்கு 50 மிலி அளவுக்கு வடிகிறது என்றால் உங்கள் வாதத்தை ஏற்கிறேன் சார். கிலோவுக்கு 10, 20 மிலி வடிகிற குழந்தைக்கு நான் பொறுப்பேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துக்கு ஆதாரம் மெலிது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2010ல் தேடியபோது பச்சிளம் குழந்தைகளில் சீட்டுக் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தனித்தனி நோயாளி அறிக்கைகள் மட்டுமே இருந்தன. பலன் கிடைத்த குழந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம், கிடைக்காத குழந்தையைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. பிறவிக் கைலோதோராக்ஸ் பல குழந்தைகளில் பால் நிறுத்தம், டிபிஎன், எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) உணவு இவற்றிலேயே சில வாரங்களில் வற்றிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. பிறகு நிறுத்துவதற்குக் கை வராது.

மருந்து வேலை செய்யும் விதத்தையும் சொல்லிவிடலாம். ஆக்ட்ரியோடைடு, உடலில் சுரக்கும் சோமாடோஸ்டேடின் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட மருந்து. சோமாடோஸ்டேடின் ரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் பாதியாகிவிடும். இது பாதியாகப் பெரியவர்களில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, குடல், கணையச் சுரப்பைக் குறைக்கிறது. அதனால் மார்பு நிணநீர்க் குழாயில் ஏறும் கைலின் அளவு குறைகிறது. குழாயில் உள்ள ஓட்டையை இது அடைப்பதில்லை. ஓட்டம் குறைந்திருக்கும்போது ஓட்டை தானாக ஆறட்டும் என்பதே நோக்கம். பக்க விளைவுகளும் இதே வழியில்தான் வருகின்றன. குடல் ரத்தம் குறைந்தால் குடல் அழுகல் நோய் வரலாம்.

எஸ்என்சியு_தருமபுரி எழுதியது:

நன்றி. அப்படியானால் அதிகம் வடிகிற குழந்தைக்கு உடனே, குறைவாக வடிகிற குழந்தைக்கு உணவுமுறையைப் பார்த்துவிட்டு. இரண்டுக்கும் முன்னால் வடிகுழாயும் ஈடுகட்டலும். டோஸும் கலவையும் யாராவது எழுதுங்கள்.

மருந்தகம்_கிருஷ்ணகிரி எழுதியது:

கலவை என் வேலை, நான் எழுதுகிறேன் டாக்டர்.

முதலில் மருந்து எங்கே இருக்கும்? குழந்தைகள் வார்டில் இருக்காது. கல்லீரல் கெட்டுப்போய் ரத்த வாந்தி எடுக்கிற பெரியவர்களுக்குப் போடும் மருந்து இதுதான். அதனால் மெடிசின் வார்டு, ஐசியு, அவசரப் பிரிவு ஸ்டாக்கில் கேட்டுப் பாருங்க. அங்கே மணிக்கு 50 மைக்ரோகிராம் என்று ஓட்டிப் பழகியிருப்பார்கள். அதே கையோடு 3 கிலோ குழந்தைக்கு ஓட்டினால் கிலோவுக்கு மணிக்கு 16 மைக்ரோகிராமுக்கு மேல் போய்விடும். மருந்து வாங்க வருகிறவர் டோஸை வாய்மொழியாகக் கேட்டு வரக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆம்பூல் 1 மிலியில் 50, 100, 500 மைக்ரோகிராம் என்று மூன்று வலுவில் வரும். 100ம் 500ம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாறினால் ஐந்து மடங்கு. எடுத்த ஆம்பூலை உறிஞ்சும் வரை இரண்டு பேர் பார்க்கணும். உறிஞ்சிய பிறகும் காலி ஆம்பூலைச் சிரிஞ்சோடு ஒட்டி வையுங்க. மெதுவாகக் கரையும் டிப்போ வடிவம் என்று 20 மிகி, 30 மிகி வயலும் உண்டு. இது தசையில் மட்டும், பெரியவர்களுக்கு மாதம் ஒரு முறை போடுவது. மருந்து கேட்டு அனுப்பும் இண்டெண்டில் வெறுமனே ‘ஆக்ட்ரியோடைடு’ என்று எழுதினால் லோக்கல் பர்ச்சேஸில் அதுவும் வந்து நிற்கலாம். ‘ஊசி, 100 மைக்ரோகிராம்/மிலி, 1 மிலி ஆம்பூல்’ என்று முழுசாக எழுதுங்க.

கலவை: கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் எடுத்து மொத்தம் 30 மிலி ஆக்கினால், மணிக்கு 1 மிலி ஓடுவது கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம் ஆகிவிடும். எந்த எடைக்கும் இதே விதி. உங்க 3 கிலோ குழந்தைக்கு 90 மைக்ரோகிராம். 100 வலு ஆம்பூலில் 0.9 மிலி, அதோடு 29.1 மிலி கலப்பு நீர். 1.2 கிலோ குழந்தை என்றால் 36 மைக்ரோகிராம், அதாவது 0.36 மிலி. இதை 1 மிலி சிரிஞ்சில்தான் அளக்கணும். இன்சுலின் சிரிஞ்சை எடுக்காதீங்க. அதில் கோடுகள் யூனிட் கணக்கு, மிலி கணக்கு இல்லை.

தொடக்கம் கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம். வடிவது குறையாவிட்டால் ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம் வீதம் ஏற்றலாம். உச்சம் கிலோவுக்கு மணிக்கு 10. போலஸ், அதாவது மொத்தமாக ஒரே தள்ளு, கிடையாது.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. இன்சுலின் அதிகம் சுரந்து சர்க்கரை தாழ்கிற குழந்தைக்கும் இதே மருந்து கொடுப்பார்கள். அங்கே டோஸ் *நாளுக்கு* கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கும். நம்முடையது *மணிக்கு*. நீங்க முதல் பதிவில் சொன்ன ‘ஒருவர் மணிக்கு, ஒருவர் நாளுக்கு’ குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது. ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் 24 மடங்கு தவறு. ஆர்டரில் ‘கிலோவுக்கு, மணிக்கு’ என்று இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் நான் மருந்தைக் கொடுக்க மாட்டேன்.

நியோ_சேலம் எழுதியது:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சேர்க்கை. டோஸ் ஏறும்போது இந்த 30 மிலி கலவையைத் தொடர முடியாது. மணிக்கு 5 மிலி ஓடினால் நாளுக்கு 120 மிலி. 3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 40 மிலி திரவம் மருந்துக்கே போய்விடும், டிபிஎன்னுக்கு இடம் இருக்காது. அதைச் சாதாரண சலைனில் கலந்திருந்தால் இன்னும் மோசம். 120 மிலி சலைனில் சுமார் 18.5 மில்லிஈக்விவலண்ட் சோடியம், கிலோவுக்கு 6க்கு மேல். குழந்தைக்குத் தேவையானது 2 முதல் 4. சோடியம் ஏன் ஏறுகிறது என்று டிபிஎன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், மருந்து சிரிஞ்சை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே 2 மைக்ரோகிராமைத் தாண்டும்போதே ஐந்து மடங்கு கலவைக்கு மாறிவிடுங்கள். கிலோவுக்கு 150 மைக்ரோகிராம், மொத்தம் 30 மிலி. மணிக்கு 1 மிலி ஓடினால் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 3 கிலோவுக்கு 450 மைக்ரோகிராம், அதாவது 500 வலு ஆம்பூலில் 0.9 மிலி. இதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸிலும் கலக்கலாம்.

சிஸ்டர்_அரூர் எழுதியது:

டாக்டர் சார், மருந்தகம் சார், நீங்க கலந்து கொடுத்த பிறகு பெட் பக்கத்துல நடக்கிறதை நான் சொல்றேன்.

சிரிஞ்சையும் குழந்தையோட லைனையும் இணைக்கிற எக்ஸ்டென்ஷன் டியூபை மருந்துக் கலவையாலயே நிரப்பணும். சலைனால நிரப்பி மாட்டினா டியூபுக்குள்ள 1.5 மிலி சலைன் நிக்கும். மணிக்கு 0.5 மிலி ஓட்டம்னா மருந்து குழந்தைக்குப் போய்ச் சேர மூணு மணி நேரம். சார்ட்ல 10 மணிக்குத் தொடங்கினதா இருக்கும், உடம்புக்குள்ள போறது மதியம் 1 மணிக்கு.

அதே லைன்ல வேற மருந்து தள்ளி ஃப்ளஷ் பண்ணக் கூடாது. டியூப்ல நிக்கிற 1.5 மிலி மருந்தும் மொத்தமா உள்ள போயிடும். ஐந்து மடங்கு கலவையா இருந்தா கிலோவுக்கு 7.5 மைக்ரோகிராம் ஒரே நொடியில. இதயத் துடிப்பு சடார்னு விழும். தனி லைன் வேணும். அந்த லைன்ல சிவப்பு டேப்பு ஒட்டி ‘ஃப்ளஷ் செய்யாதே’ன்னு எழுதிடுங்க. டிபிஎன் ஓடற லைன்ல ஒய் வடிவ இணைப்பு போட்டுச் சேர்க்கவும் கூடாது.

கலவை மாத்தும்போது சிரிஞ்சை மட்டும் மாத்தினா போதாது, டியூபையும் மாத்தணும். சிரிஞ்ச் பம்ப்ல ரேட்டை ஐந்தால வகுத்துப் போட்டாச்சான்னு இன்னொரு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்து போடணும். இந்த இடத்துல ரேட்டை மாத்தாம விட்டா அதுவே ஐந்து மடங்கு டோஸ். கலவை 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், மிச்சத்தைக் கொட்டிடுங்க.

ஆம்பூல் ஃப்ரிட்ஜ்ல 2 முதல் 8 டிகிரி. வெளிச்சம் படக் கூடாது. கரண்ட் போனா பயப்பட வேண்டாம், வெளிச்சம் படாம சாதாரண அறை வெப்பத்துல இரண்டு வாரம் தாங்கும். ஆனா தடுப்பூசி வைக்கிற ஐஎல்ஆர் குளிர்பெட்டியில கொண்டுபோய் வைக்காதீங்க. அதுல தடுப்பூசி தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.

எஸ்என்சியு_தருமபுரி எழுதியது:

சிஸ்டர், இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை. பம்ப் கிடைக்காவிட்டால் தோலுக்கடியில் போடலாமா?

மருந்தகம்_கிருஷ்ணகிரி எழுதியது:

போடலாம் டாக்டர். நாள் மொத்தம் கிலோவுக்கு 20 முதல் 70 மைக்ரோகிராம், மூன்றாகப் பிரித்து 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. 3 கிலோவுக்குக் கிலோ கணக்கில் 30 என்றால் நாளுக்கு 90, வேளைக்கு 30 மைக்ரோகிராம், 100 வலுவில் 0.3 மிலி. குளிரோடு போட்டால் வலிக்கும், அறை வெப்பத்துக்கு வரட்டும். வெந்நீரில் வைக்காதீங்க.

நியோ_சேலம் எழுதியது:

தொடர் ஓட்டத்தில் சிக்கல் வந்தால் உடனே நிறுத்தலாம், தோலுக்கடியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் பம்ப் இருக்கும் வரை பம்ப்தான் என் தேர்வு.

கண்காணிப்புக்கு வருகிறேன். இந்த மருந்து இன்சுலின், குளுக்ககான் இரண்டையும் அடக்கும். சர்க்கரை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். முதல் இரண்டு நாளும், டோஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் சர்க்கரை பார்க்க வேண்டும். துடிப்பும் ரத்த அழுத்தமும் மானிட்டரில் தொடர்ந்து இருக்கட்டும். வயிறு மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய உறுப்பு. உப்புசம், பச்சை வாந்தி, மலத்தில் ரத்தம் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே குடல் அழுகல் சந்தேகம் உள்ள குழந்தைக்குத் தொடங்கவே வேண்டாம். குறைமாதக் குழந்தைகளில் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியதாக அறிக்கைகள் உள்ளன. மருந்து தொடங்கிய பின் காரணமில்லாமல் ஆக்சிஜன் தேவை கூடினால் எக்கோ (இதய ஸ்கேன்) பாருங்கள். வாரம் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை, பிலிருபின் பிரித்து, பிளேட்லெட். இரண்டு வாரத்தைத் தாண்டினால் தைராய்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு பெரிய ஏமாற்று உண்டு. வடிவது 150லிருந்து திடீரென 5 மிலி ஆகிவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். முதலில் குழாயைப் பாருங்கள். மூச்சோடு நீர்மட்டம் ஏறி இறங்குகிறதா? மடங்கியிருக்கிறதா, ஃபைப்ரின் கட்டி அடைத்திருக்கிறதா? எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ எடுத்து நெஞ்சில் நீர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது குறைவு. மருந்தின் பலன் படிப்படியாகத்தான் வரும்: 150, 120, 90, 60 என்று. நாளுக்குக் கிலோவுக்கு 10 மிலிக்குக் கீழே வந்து நின்றால் நல்ல அறிகுறி.

ஊட்டம்_தருமபுரி எழுதியது:

உணவு பற்றி யாரும் இன்னும் விரிவாகத் தொடவில்லை. மருந்தைவிட அதிக நாள் ஓடப்போவது இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் சாப்பிடும் எண்ணெயில் உள்ள நீண்ட சங்கிலிக் கொழுப்பு குடலிலிருந்து நிணநீர் வழியாக ஏறி மார்புக் குழாயில் போகிறது. எம்சிடி எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது 8 கார்பன், 10 கார்பன் உள்ளவை, நேரே போர்ட்டல் சிரைக்குப் போய்விடும். நிணநீர்க் குழாயைத் தொடாது. அதனால்தான் எம்சிடி பால்மாவு. இதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

குறைமாதக் குழந்தைக்கான சாதாரணப் பால்மாவிலும் ‘எம்சிடி உள்ளது’ என்று டப்பாவில் போட்டிருக்கும். அதில் கொழுப்பில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் எம்சிடி. கைலோதோராக்ஸுக்கு வேண்டியது கொழுப்பில் 80 சதவீதத்துக்கு மேல் எம்சிடி உள்ள தனி மாவு. டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள்.

தேங்காய் எண்ணெய் எம்சிடி எண்ணெய்க்கு மாற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மாற்று இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அது 12 கார்பன், பெரும்பகுதி நிணநீர் வழியாகவே போகும். 8, 10 கார்பன் உள்ளவை அதில் 15 சதவீதம் அளவுக்குத்தான். தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கொடுத்தால் ஐசிடி பாட்டிலில் மறுபடி வெள்ளை ஏறும்.

மூன்றாவது, டிபிஎன்னில் லிப்பிடை நிறுத்திவிடுவது. சிரை வழியாக ஏறும் லிப்பிடு குடல் நிணநீரைத் தொடுவதே இல்லை. அதை நிறுத்தினால் கைல் குறையாது, அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்தான் குறையும். குறைமாதக் குழந்தையில் சில நாளிலேயே குறைந்துவிடும். கிலோவுக்கு நாளுக்கு 0.5 முதல் 1 கிராமாவது ஓடட்டும்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லும்போது தாயிடம் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும்: பாலைப் பீய்ச்சுவதை நிறுத்தக் கூடாது. 2, 3 மணிக்கொரு தரம், இரவிலும், பீய்ச்சி எடுத்து உறைநிலையில் சேர்த்துவைக்கட்டும். குளிர் மையவிலக்கி உள்ள இடத்தில் அந்தப் பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்துவிடலாம். சுழற்றிக் குளிர்ந்ததும் கொழுப்பு மேலே கெட்டியாக மிதக்கும், ஊசி போட்ட சிரிஞ்சால் அடியில் உள்ள பாலை உறிஞ்சி எடுக்கலாம். புரதமும் எதிர்ப்பு சக்தியும் அதில் இருக்கும். ஆனால் கலோரி பாதியாகிவிடும், அதில் எம்சிடியும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் சேர்த்தே ஆக வேண்டும். கண்ணாடி டம்ளரில் வைத்து மேலாடையை எடுப்பது இதற்கு ஈடாகாது, கொழுப்பு முழுதாகப் பிரியாது.

குழாயை எடுத்த பிறகும் 4 முதல் 6 வாரம் இதே உணவு. அதற்குப் பிறகு தாய்ப்பால் சிறிது சிறிதாக. ஒவ்வொரு படியிலும் எக்ஸ்ரே.

ஒசூர்_பீடியா எழுதியது:

மேடம் சொன்ன தாய்ப்பால் விஷயத்துக்குத் தனியாக நன்றி. பால் வற்றிப்போன பிறகு கைல் நின்று என்ன பயன்.

ஈடுகட்டல் பற்றி: வடிந்த அளவில் பாதி முதல் முழு அளவு வரை 5 சதவீத அல்புமின். 20 சதவீத அல்புமின்தான் கையில் இருக்கும். 25 மிலி எடுத்து 75 மிலி சாதாரண சலைனில் கலந்தால் 5 சதவீதம் 100 மிலி. ஊசிக்கான வெறும் நீரில் கலக்கக் கூடாது, ரத்த அணுக்கள் உடைந்துவிடும். ரத்தம் உறையும் நேரம் நீண்டிருந்தால் எஃப்எஃப்பி (உறையவைத்த பிளாஸ்மா). ரத்தத்தில் ஐஜிஜி (இம்யூனோகுளோபுலின் வகை) அளவு பார்க்காமல் ஐவிஐஜி (சிரை வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின்) வழக்கமாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தொற்று இருந்து, அளவும் குறைந்திருந்தால் கொடுக்கலாம்.

நிறுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடிவது நின்று இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தால், ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம் வீதம் மருந்தை இறக்கி நிறுத்தலாம். ஒரே அடியாக நிறுத்தினால் சர்க்கரை ஆடும், கைலும் திரும்பலாம். மருந்தை இறக்குவதும் பால் தொடங்குவதும் ஒரே நாளில் வேண்டாம்.

எஸ்என்சியு_தருமபுரி எழுதியது:

டோஸை 10 வரை ஏற்றியும் வடிவது குறையாவிட்டால்?

குழந்தை_சர்ஜன் எழுதியது:

உச்ச டோஸில் ஒரு வாரம் ஓடியும் அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள் டாக்டர். பலனில்லாத மருந்தைத் தொடர்ந்தால் பக்க விளைவு மட்டுமே மிஞ்சும். அதன்பின் போவிடோன் அயோடின் கரைசல் வைத்து நுரையீரல் உறைகளை ஒட்டவைப்பது, மார்பு நிணநீர்க் குழாயைக் கட்டுவது என்று வழிகள் உள்ளன. போவிடோன் அயோடின் வைத்தால் தைராய்டும் சிறுநீரகமும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இதய அறுவை சிகிச்சைக்குப் பின்னும், உணவுக்குழாய் அல்லது உதரவிதான அறுவை சிகிச்சைக்குப் பின்னும் வந்தது வேறு, பிறவியிலேயே வந்தது வேறு. முன்னதில் குழாயில் காயம் இருக்கும் இடம் தெரியும், கட்ட முடியும். பின்னதில் நிணநீர் மண்டலமே பிசகியிருக்கலாம், கட்டினாலும் வேறு இடத்தில் கசியும். டவுன், நூனன், டர்னர் கோளாறுகளைப் பார்த்தாக வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டத்திலும் தாய்மாமன், அத்தை மகன் உறவில் திருமணம் உண்டு. பிறவி நிணநீர்க் கோளாறுகளில் சில, தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளிப்படும். பீசோ1 மரபணுக் கோளாறு அப்படி ஒன்று. அதனால் சொந்தத்தில் திருமணமா, முன்பு உடல் முழுதும் நீர்கோத்து இறந்து பிறந்த குழந்தை உண்டா என்று கேளுங்கள். கேட்கும் தொனியில் குற்றம் சாட்டுவது வந்துவிடக் கூடாது.

சிஸ்டர்_அரூர் எழுதியது:

அனுப்புறதைப் பத்தி. தருமபுரியில இருந்து சேலம் போறப்போ தொப்பூர் கணவாய் இறக்கம். வளைவுல ஐசிடி பாட்டில் சாஞ்சா, குழாய் நுனி தண்ணிக்குள்ள இருக்கிற நீர்முத்திரை போயிடும், காத்து உள்ள ஏறும். பாட்டிலைக் குழந்தை நெஞ்சுக்குக் கீழ, நிமிர்த்திக் கட்டி வைக்கணும். ஒரு வழி வால்வு இருந்தா இன்னும் நல்லது. வெண்டிலேட்டர்ல இருக்கிற குழந்தைக்குக் குழாயைக் கிளாம்ப் பண்ணிக் கொண்டுபோகவே கூடாது. கிளம்புற நேரத்துல பாட்டில்ல எவ்வளவு இருந்ததுன்னு டேப்புல கோடு போட்டு மணி எழுதுங்க, அந்தப் பக்கம் வாங்கறவங்களுக்கு வழியில வடிஞ்சது தெரியும்.

பம்ப் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருக்கணும். மாத்து சிரிஞ்சு ஒண்ணு கலந்து கையில இருக்கட்டும், அதுமேல ‘1 மிலி/மணி = கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம்/மணி’ன்னு எழுதி ஒட்டுங்க. போற இடத்துல அவங்க கலவை வேற மாதிரி இருக்கும்.

நியோ_சேலம் எழுதியது:

சிஸ்டர் சொன்னது அத்தனையும் சரி. இரண்டு மணி நேரத்தில் படுக்கை கிடைக்கும் என்றால் ஆக்ட்ரியோடைடு தொடங்காமலேயே அனுப்புங்கள். வடிகுழாய், மூச்சு, சர்க்கரை, சூடு சரியாக இருந்தால் போதும். ஒன்றிரண்டு நாள் ஆகும் என்றால், முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: கிலோவுக்கு மணிக்கு 1 மைக்ரோகிராமில் இங்கேயே தொடங்கலாம், பம்பும் தனி லைனும் 4 மணி நேரத்துக்கு ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் உங்களால் முடியும் என்றால். முடியாது என்றால் மருந்து காத்திருக்கலாம்.

கர்ப்பத்திலேயே ஸ்கேனில் நெஞ்சு நீர் தெரிந்திருந்தால், பிரசவத்தையே பச்சிளம் குழந்தை வெண்டிலேட்டரும் அறுவை சிகிச்சையும் உள்ள இடத்தில் வையுங்கள். இருபக்கமும் நீர் இருக்கும் குழந்தைக்குப் பிறந்த அறையிலேயே ஊசி வைத்து எடுக்க வேண்டி வரும்.

கிராம_செவிலி_பென்னாகரம் எழுதியது:

டாக்டர், இந்தக் குழந்தைகள் வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் தடுப்பூசி போடலாமா? அட்டையில் பிசிஜி காலியாக இருந்தால் நாங்கள் வழக்கமாகப் போட்டுவிடுவோம்.

ஒசூர்_பீடியா எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் சிஸ்டர். கைலோடு லிம்போசைட் நிறையப் போயிருக்கும். எண்ணிக்கை திரும்பி ஏறும் வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத் தள்ளிவைக்க வேண்டும். பென்டாவேலன்ட், ஊசி போலியோ, ஹெபடைடிஸ் பி போன்றவற்றைத் தாமதிக்கத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் எழுதும் டாக்டர்கள் இதைச் சம்மரியில் எழுதினால் போதாது, தாயின் கையில் இருக்கும் தடுப்பூசி அட்டையிலேயே பிசிஜி கட்டத்துக்குப் பக்கத்தில் ‘லிம்போசைட் பார்த்த பிறகு’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சிஸ்டர் கையில் வருவது அந்த அட்டை மட்டும்தான்.